தண்ணீரில் ஓர் அக்கம்பக்கம்

பணி ஓய்வு பெற்ற கையோடு வீட்டை விற்றுவிட்டுப் பாய்மரப் படகில் குடியேறும் தம்பதிகள் உலகமெங்கும் இருக்கிறார்கள். அவர்களில் நூற்றுக்கணக்கானவர்கள் குளிர்காலந்தோறும் கூடும் இடம், பஹாமாஸ் நாட்டின் ஜார்ஜ் டவுன். அங்கே எப்படி வாழ்கிறார்கள்? எதனால் தாக்குப்பிடிக்கிறார்கள்?

காலை எட்டு மணி. எலிசபெத் துறைமுகத்தில் நங்கூரமிட்டிருக்கும் படகுகளில் எல்லாம் வி.எச்.எஃப். ரேடியோ 72-ஆம் சானலுக்குத் திரும்புகிறது. அடுப்பில் காபி, பக்கத்தில் பேனாவும் நோட்டும். அன்றைய நிகழ்ச்சியை நடத்துபவர், தாமாக முன்வந்த ஒரு படகுக்காரர். அவருடைய முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: யாருக்காவது உடம்புக்கு முடியவில்லையா, அவசர உதவி ஏதும் வேண்டுமா? சில நொடிகள் காத்திருக்கிறார். யாரும் பேசவில்லை என்று தெரிந்த பிறகே அடுத்த விஷயத்துக்குப் போகிறார்.

அடுத்தது வானிலை. காற்று எந்தத் திசை, எவ்வளவு வேகம், வாடை எப்போது திரும்பும் என்ற விவரங்கள். பிறகு ஊர்க் கடைகளின் அறிவிப்புகள், கடற்கரையில் அன்று நடக்கவிருப்பவை. அதன்பின் உதவி கேட்பவர்களின் முறை. ஒருவருடைய டிங்கி என்னும் சிறு துணைப்படகின் அவுட்போர்டு மோட்டார் கிளம்ப மறுக்கிறது. இன்னொருவர் படகில் என்ஜினைக் குளிர்விக்கும் பம்ப்பின் ரப்பர் இம்பெல்லர் கிழிந்துவிட்டது; அதே அளவில் யாரிடமாவது ஒன்று இருக்குமா? சற்று நேரத்தில் எங்கிருந்தோ ஒரு குரல், "எங்களிடம் இருக்கிறது, பத்து மணிக்கு வாருங்கள்" என்கிறது. நேற்று வந்து சேர்ந்தவர்கள் படகின் பெயரைச் சொல்லி அறிமுகமாகிறார்கள். இன்று கிளம்புகிறவர்கள் விடைபெறுகிறார்கள். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது.

கிரேட் எக்சுமா தீவில், கடக ரேகையை ஒட்டி அமைந்த சிற்றூர் ஜார்ஜ் டவுன். அதற்கு எதிரே நீண்டு கிடக்கும் ஸ்டாக்கிங் தீவு, அட்லாண்டிக் அலைகளைத் தடுத்து நிறுத்துகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள அமைதியான நீர்ப்பரப்புதான் எலிசபெத் துறைமுகம். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இங்கே நிற்கும் படகுகளின் எண்ணிக்கை முந்நூறைத் தாண்டும். பெரும்பாலானவை அமெரிக்க, கனடியப் படகுகள். உள்ளே இருப்பவர்களில் பெரும்பாலோர் ஓய்வு பெற்ற கணவன் மனைவியர்: ஆசிரியர்கள், செவிலியர்கள், பொறியாளர்கள், ராணுவத்தில் இருந்தவர்கள்.

ஆள் அரவமற்ற கடலைத் தேடிப் போனவர்கள் என்றுதான் வெளியுலகம் இவர்களைப் பற்றி நினைக்கிறது. உண்மை நேர்மாறானது. கரையில் குடியிருந்தபோது எதிர்வீட்டுக்காரரின் பெயர்கூடத் தெரியாமல் இருந்தவர்களுக்கு, இங்கே சுற்றிலும் நிற்கும் படகுகளில் யாருக்கு முட்டிவலி, யாருக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள் என்பதெல்லாம் தெரியும். ஓய்வுக்காலப் படகு வாழ்க்கையைத் தாங்கிப் பிடிப்பது பணமோ சாகசமோ அல்ல, இந்த அக்கம்பக்கம்தான்.

குளிருக்கு முன்னால் ஓடும் பாதை

இங்கே வந்து சேருவதே ஒரு பருவகாலத்து வேலை. அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1-ஆம் தேதி தொடங்கி நவம்பர் 30-இல் முடிகிறது. வடக்கே இருக்கும் படகுகள் அக்டோபரிலேயே தெற்கு நோக்கி நகரத் தொடங்கிவிடும். அமெரிக்காவின் கிழக்குக் கரையை ஒட்டி ஆறுகளையும் காயல்களையும் கால்வாய்களையும் இணைத்துச் செல்லும் உள்நாட்டு நீர்வழி ஒன்று இருக்கிறது. அதன் பூஜ்ய மைல் வர்ஜீனியா மாநிலத்தின் நார்ஃபோக் நகரம். அங்கிருந்து மயாமி வரை சுமார் 1,750 கிலோமீட்டர். பகலில் ஓட்டுவது, பாலம் திறக்கும்வரை காத்திருப்பது, மாலையில் ஏதாவது ஓடையில் நங்கூரமிடுவது என்று வாரக்கணக்கில் போகும். நேற்று ஓடையில் பார்த்த படகையே நாளை மறுநாள் பாலத்தடியில் பார்ப்பார்கள். நட்பு தொடங்குவது அங்கேதான்.

உண்மையான சோதனை புளோரிடாவில். அங்கிருந்து பஹாமாஸின் பிமினி தீவு ஏறத்தாழ 50 கடல் மைல். பாய்மரப் படகுக்கு ஒரு பகல் பயணம். ஆனால் நடுவே வடக்கு நோக்கிப் பாய்கிறது கல்ஃப் ஸ்ட்ரீம் என்னும் பெரும் நீரோட்டம். அதன் வேகம் மணிக்கு மூன்று கடல் மைலுக்கும் மேல். படகின் வேகமோ ஐந்து, ஆறு கடல் மைல்தான். நேர் கிழக்கே போக வேண்டுமென்றால் முனையைத் தென்கிழக்கே திருப்பி வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும். வடக்கிலிருந்து காற்று வீசினால் நீரோட்டத்துக்கு எதிராக அலைகள் செங்குத்தாக எழும். அப்போது யாரும் கிளம்புவதில்லை. ஒரு வாரமோ இரண்டு வாரமோ காத்திருக்கிறார்கள். காற்று தெற்குப் பக்கம் திரும்பும் நாளில் விடிவதற்கு முன்பே பத்து, இருபது படகுகள் ஒன்றாகக் கிளம்புகின்றன.

கல்ஃப் ஸ்ட்ரீமைக் கடந்தால் பஹாமா மேடை. பெரும்பகுதி சில மீட்டர் ஆழமே உள்ள, அடிமணல் தெரியும் கடல். எழுநூறு தீவுகள் கொண்ட அந்த நாட்டில் ஆழம் பார்த்து, நிறம் பார்த்து ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். வெளிர்பச்சை என்றால் மணல்; பழுப்பு என்றால் பாறையோ பவளமோ. சூரியன் தலைக்கு மேல் இருக்கும் நேரத்தில்தான் குறுகலான வாய்களில் நுழைவார்கள்.

சுக்கானில் ஒருவர், அணியத்தில் ஒருவர்

நங்கூரமிடும் நேரத்தில் ஒரு தம்பதியைக் கவனித்தால் அவர்களுடைய கூட்டு வாழ்க்கை முழுவதும் புரிந்துவிடும்.

பல படகுகளில் சுக்கானில் நிற்பவர் மனைவி. அணியத்தில் சங்கிலியை இறக்குபவர் கணவர். என்ஜினைக் கையாள்வதற்கு நிதானமும், சங்கிலியோடு மல்லுக்கட்ட உடல் வலுவும் வேண்டியிருப்பதால் அனுபவத்தில் வந்த ஏற்பாடு இது. மனைவி காற்றுக்கு நேர் எதிராகப் படகைத் திருப்பி, மணல் திட்டு ஒன்றின் மேல் கொண்டுவந்து நிறுத்துகிறார். ஆழம் மூன்று மீட்டர். நீர்மட்டத்திலிருந்து அணியத்தின் உயரத்தையும் சேர்த்தால் நான்கு. அதைப் போல் ஐந்து முதல் ஏழு மடங்கு சங்கிலி விட வேண்டும். அதாவது 20 முதல் 28 மீட்டர். கணவர் கையை மடக்கிக் காட்டினால் நிறுத்து, பின்னால் வீசினால் பின்னோக்கி மெல்ல ஓட்டு என்று பொருள். சங்கிலி விறைக்கிறது, படகு ஒருமுறை குலுங்கி நிற்கிறது. நங்கூரம் மணலைக் கவ்விவிட்டது. அதோடு விடுவதில்லை. இருவரில் ஒருவர் முகமூடி போட்டுக்கொண்டு நீரில் இறங்கி, நங்கூரம் புதைந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் மேலே ஏறுகிறார்.

காற்றில் கத்திப் பேச முடியாது. பேசினால் சண்டையில் முடியும். அதனால் பலர் தலையில் மாட்டும் சிறு மைக் கருவியை வைத்துக்கொள்கிறார்கள். திருமணத்தைக் காப்பாற்றும் கருவி என்றே படகுக்காரர்களிடையே அதற்குப் பெயர்.

பத்து டன் எடையுள்ள வீட்டை இரண்டு பேர் நிறுத்தி வைப்பது என்பது இதுதான். இரவு இரண்டு மணிக்குக் காற்று திரும்பி நங்கூரம் நழுவினால், அதே இரண்டு பேர்தான் எழுந்து வர வேண்டும். ஒருவர் மட்டும் வேலை தெரிந்தவர், மற்றவர் பயணி என்ற நிலை இங்கே நீடிக்காது. அனுபவசாலிகள் புதியவர்களுக்குச் சொல்லும் முதல் அறிவுரை இதைப் பற்றியதுதான்: இருவரில் யார் நீரில் விழுந்தாலும் மற்றவர் தனியாகப் படகைத் திருப்பிக் கொண்டுவந்து தூக்கத் தெரிந்திருக்க வேண்டும். அறுபது வயதுக்கு மேல் புதிதாக என்ஜின் ஆயில் மாற்றக் கற்ற பெண்களும், ஓவனில் ரொட்டி சுடக் கற்ற ஆண்களும் இந்தத் துறைமுகத்தில் நிறையப் பேர்.

தண்ணீர் கேன், தேங்காய்ப் போட்டி

கார் செய்யும் வேலையையெல்லாம் இங்கே டிங்கி செய்கிறது. ஊருக்குள் நுழைய, சாலைப் பாலத்துக்கு அடியில் உள்ள ஒரு குறுகலான வாய் வழியாக விக்டோரியா ஏரிக்குள் போக வேண்டும். எக்சுமா மார்க்கெட் என்ற கடை, தன் டிங்கித் துறையில் குழாய் வைத்துக் குடிநீரை இலவசமாகத் தருகிறது. இருபது லிட்டர் கேன்களை வரிசையாக வைத்துப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள், அங்கேயே அரை மணி நேரம் ஊர்க்கதை பேசுகிறார்கள். காய்கறி வாங்க எந்த நாள் நல்லது என்பது, நசாவ் நகரிலிருந்து சரக்குக் கப்பல் வரும் நாளைப் பொறுத்தது. காலையிலேயே போய்வந்துவிட வேண்டும். பிற்பகலில் காற்று வலுத்துவிட்டால் திரும்பி வரும்போது மளிகையும் துணியும் ஆளும் சேர்ந்து நனைய வேண்டியதுதான்.

ஸ்டாக்கிங் தீவின் வாலிபால் கடற்கரைதான் இந்த ஊரின் மந்தை. மணலில் பல வாலிபால் வலைகள், மரத்தடியில் மேஜைகள், சங்குக் கறி சாலட் செய்து கொடுக்கும் சாட் அன் சில் என்ற உணவுக்கடை. சங்கைச் சுத்தம் செய்யும் இடத்தில் மிச்சத்துக்காகத் திருக்கை மீன்கள் கரைக்கே வந்து காலைச் சுற்றுகின்றன. ஒருபக்கம் டாமினோ ஆட்டம், இன்னொரு பக்கம் உக்குலேலி வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே மரத்தடியில் பிரார்த்தனைக் கூட்டம். பாடகர் குழுவும் படகுக்காரர்களே.

1980-களின் தொடக்கத்திலிருந்து ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச் வாக்கில் இவர்களுடைய படகு விழா நடக்கிறது. பந்தயத்தைவிட மற்ற விளையாட்டுகளுக்குத்தான் கூட்டம். தேங்காய்ப் போட்டி அவற்றில் ஒன்று. மோட்டார் இல்லாத டிங்கியில் நான்கு பேர் ஏறிக்கொள்வார்கள். துடுப்பு கிடையாது, நீச்சலுக்குப் போடும் ரப்பர் காலணியால்தான் துழாவ வேண்டும். மிதக்க விட்ட தேங்காய்களை அதிகம் சேர்த்த அணி வெல்லும். எழுபது வயதைக் கடந்தவர்களும் இதில் தொப்பலாக நனைகிறார்கள்.

விருந்து என்றால் ஆளுக்கொரு பண்டம். தட்டு, தம்ளர், குடிப்பதற்கு வேண்டியது எல்லாம் அவரவரே கொண்டுவர வேண்டும். யார் பெரிய படகு வைத்திருக்கிறார், யார் சிறியது என்ற கணக்கு இந்த ஏற்பாட்டில் அடிபட்டுப் போகிறது. அந்தி சாயும் நேரத்தில் ஒருவர் படகுக்கு மற்றவர் போய்ப் பானம் அருந்துவது அன்றாட வழக்கம். சூரியன் மறையும்போது படகுகளிலிருந்து சங்கு ஊதுவார்கள்.

பண்டமாற்றும் உண்டு. மெக்சிகோவின் லா பாஸ் துறைமுகத்தில் இதற்கு ஒரு சுவையான முறை இருக்கிறது. சுங்கம் கட்டாமல் பொருளை விற்பது அங்கே குற்றம் என்பதால், காலை ரேடியோ நிகழ்ச்சியில் பழைய நங்கூரத்துக்கும் பாய்க்கும் விலையைத் தேங்காய்க் கணக்கில் சொல்வார்கள்.

வழிகாட்டிய முன்னோடிகள்

இந்தப் பழக்கவழக்கங்கள் ஒரே நாளில் வந்தவை அல்ல. 1952-இல் கலிபோர்னியாவில், படகையே வீடாகக் கொண்ட சிலர் சேர்ந்து செவன் சீஸ் குரூயிசிங் அசோசியேஷனைத் தொடங்கினார்கள். எந்தத் துறைமுகத்தில் ஆழம் எவ்வளவு, எங்கே நல்ல தண்ணீர் கிடைக்கும் என்று உறுப்பினர்கள் எழுதிய கடிதங்களே அதன் இதழ். போன இடத்தில் அசுத்தத்தையும் கெட்ட பெயரையும் விட்டுவிட்டு வரக்கூடாது என்பது அதன் முதல் விதி. பின்னால் வருகிறவருக்குக் கதவு திறந்திருக்க வேண்டும் அல்லவா?

அதே 1952-இல் ஆங்கிலத் தம்பதி எரிக், சூசன் ஹிஸ்காக் 30 அடி நீளமே உள்ள 'வாண்டரர் 3' படகில் கிளம்பி, 1955-இல் உலகைச் சுற்றி முடித்தார்கள். கணவனும் மனைவியும் சிறு படகில் சாதாரணமாக உலகைச் சுற்றலாம் என்ற நம்பிக்கையை எரிக்கின் புத்தகங்கள் ஒரு தலைமுறைக்கே கொடுத்தன. லின், லேரி பார்டி தம்பதி இன்னும் ஒரு படி போனார்கள். தங்கள் கையாலேயே கட்டிய, முப்பது அடிக்கும் குறைவான இரண்டு படகுகளில், என்ஜினே இல்லாமல் பல பத்தாண்டுகள் கடலில் திரிந்தார்கள். லேரி 2020-இல் மறைந்தார்.

ஓய்வு பெற்றவர்களின் கதை என்றால் மைல்ஸ், பெரில் ஸ்மீட்டன் தம்பதியை விட முடியாது. பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் பிரிகேடியராக இருந்து ஓய்வு பெற்ற மைல்ஸ், 1951-இல் 'ட்சு ஹாங்' என்ற 46 அடி படகை வாங்கியபோது இருவருக்குமே பாய்மரப் படகோட்டத் தெரியாது. ஓட்டியபடியே கற்றுக்கொண்டார்கள். 1957 பிப்ரவரியில் ஹார்ன் முனையை நோக்கிப் போகும்போது ராட்சச அலை ஒன்று படகைத் தலைகுப்புறப் புரட்டியது. சுக்கானில் இருந்த பெரில் கடலில் தூக்கி எறியப்பட்டார். காயம்பட்ட தோளோடு நீந்தித் திரும்பினார். உடன் வந்த ஜான் கஸ்வெல் தச்சு வேலை தெரிந்தவர். உடைந்த தளத்தை அடைத்துப் படகைச் சிலி நாட்டுக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அந்த ஆண்டு இறுதியில் மறுபடி முயன்று மறுபடி புரண்டார்கள். விடவில்லை. 1968 டிசம்பரில், இருவரும் அறுபதைக் கடந்த நிலையில், அந்த முனையைச் சுற்றி முடித்தார்கள்.

சாதாரணத் தம்பதிகளுக்குப் பெருங்கடலைத் திறந்துவிட்டவர், ருமேனியாவில் பிறந்த ஜிம்மி கார்னெல். 1986-இல் கனேரித் தீவுகளின் லாஸ் பால்மாஸிலிருந்து பார்படோஸ் வரை இருநூறுக்கும் மேற்பட்ட படகுகளைக் கூட்டமாக அட்லாண்டிக்கைக் கடக்க வைத்தார். 1990 முதல் செயின்ட் லூசியாவில் முடியும் அந்தக் கூட்டுப் பயணம் இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது.

இன்னொருவர் கரையில் இருந்தபடியே கடலோடிகளைக் காத்தவர். கனடாவின் பர்லிங்டன் நகரில் தம் வீட்டில் ரேடியோ வைத்திருந்த ஹெர்ப் ஹில்கன்பர்க், 'சவுத்பவுண்ட் 2' என்ற அழைப்புப் பெயரில் அட்லாண்டிக்கில் இருந்த படகுகளைப் பிற்பகல்தோறும் ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள், காற்று எப்படி என்று கேட்டுவிட்டு, நாளை புயல் வரும், தெற்கே இறங்குங்கள் என்பார். ஒரு காசு வாங்கியதில்லை. கால் நூற்றாண்டு காலம் இதைச் செய்துவிட்டு 2013-இல்தான் ஓய்வு பெற்றார்.

சுமைகளும் ஆபத்துகளும்

இந்த வாழ்க்கையின் கஷ்டங்களையும் சொல்லியாக வேண்டும். முதலாவது உடம்பு. அமெரிக்க முதியோரின் மெடிகேர் காப்பீடு பொதுவாக வெளிநாட்டுச் சிகிச்சைக்குச் செல்லாது. அதனால் பலர் கோடையில் ஊர் திரும்பி, பல் முதல் இதயம் வரை எல்லாப் பரிசோதனைகளையும் முடித்துக்கொண்டு வருகிறார்கள். புயல் பருவத்தில் படகு எந்த அட்சரேகைக்கு வடக்கே அல்லது தெற்கே இருக்க வேண்டும் என்று காப்பீட்டு நிறுவனங்கள் நிபந்தனை போடுகின்றன. அப்படித் தெற்கே ஒதுங்கியவர்களுக்கும் உத்தரவாதம் இல்லை. 2024 ஜூலை 1-ஆம் தேதி பெரில் புயல் கிரெனடா நாட்டின் கரியாக்கு தீவைத் தாக்கியபோது, கண்டல் காட்டுக்குள் கட்டியிருந்த படகுகளும் நொறுங்கின.

மனிதரால் வரும் ஆபத்து அரிது, வந்தால் கொடியது. 2009 அக்டோபரில் செஷல்ஸிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் தம்பதி பால், ரேச்சல் சாண்ட்லரை சோமாலியக் கொள்ளையர்கள் 388 நாட்கள் பிடித்து வைத்திருந்தார்கள். விடுதலையான பிறகு, அதே படகைச் செப்பனிட்டு மறுபடி கடலுக்குப் போனார்கள் அவர்கள். 2011-இல் நான்கு அமெரிக்கர்கள் அரபிக்கடலில் கொல்லப்பட்ட பின், கொச்சி, இலங்கையின் காலி வழியாகச் செங்கடல் போய்வந்த படகுகளில் பெரும்பாலானவை தென்னாப்பிரிக்கா வழியாகச் சுற்றிப் போகத் தொடங்கின. 2024 பிப்ரவரியில் கிரெனடாவில் காவலிலிருந்து தப்பிய கைதிகள் ஓய்வு பெற்ற ஒரு தம்பதியின் படகைக் கைப்பற்றினார்கள். அத்தம்பதி உயிரோடு திரும்பவில்லை. கரீபியக் கடலில் இருந்த ஒவ்வொரு படகும் அந்த வாரம் துக்கம் காத்தது.

இடம் கொடுக்கும் மக்களின் பக்கமும் ஒன்று இருக்கிறது. எக்சுமாவில் திரும்பிய பக்கமெல்லாம் ரோல் என்ற குடும்பப் பெயர். ரோல் பிரபுவின் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்தவர்களின் வாரிசுகள் அந்த நிலத்தை இன்றும் பொதுவில் வைத்து ஆள்கிறார்கள். 1954 முதல் அவர்கள் நடத்திவரும் தீவுப் படகுப் போட்டி, விருந்தாளிகளின் விழாவைவிட மூத்தது. முந்நூறு படகுகள் நின்றால் கழிவுநீர் எங்கே போகும், நங்கூரச் சங்கிலி கடற்புல்லை என்ன செய்யும் என்று அவர்கள் கேட்பது நியாயம். 2025 ஜூலையில் பஹாமாஸ் அரசு வெளிநாட்டுப் படகுகளின் அனுமதிக் கட்டணத்தை உயர்த்தியபோது படகுக்காரர்களிடையே முணுமுணுப்பு எழுந்தது. ஆனால் மாதக்கணக்கில் ஊரின் நீரையும் மணலையும் அனுபவிப்பவர்கள் அதற்கான பங்கைக் கொடுப்பதுதான் முறை. அதை உணர்ந்தவர்கள் குறைவில்லை. 2019 செப்டம்பரில் டோரியன் புயல் அபாக்கோ தீவுகளைத் தரைமட்டமாக்கியபோது, புளோரிடாவிலிருந்து தனியார் படகுகள் குடிநீரும் உணவும் ஏற்றிக்கொண்டு விரைந்தன.

ஒருவர் மட்டும் மிஞ்சும்போது

இருவராகத் தொடங்கும் இந்த வாழ்க்கையில் ஒருவர் முந்திக்கொள்வது என்றாவது நடந்தே தீரும். பெரும்பாலோர் அப்போது படகை விற்றுவிட்டுக் கரையேறுகிறார்கள். சிலர் அதற்கு முன்பே, முட்டி மடங்காத காலத்தில், பாய்மரத்தை விட்டுவிட்டு மோட்டார் படகுக்கு மாறுகிறார்கள்.

ஜீன் சாக்ரடீஸ் கரையேறவில்லை. இங்கிலாந்தில் கணித ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற அவரும் கணவர் ஜார்ஜும் 1997-இல் 'நெரேய்டா' என்ற படகை வாங்கிப் பயணம் தொடங்கினார்கள். 2003-இல் ஜார்ஜ் புற்றுநோயால் இறந்தார். அறுபது வயதில் ஜீன் தனியாக ஓட்டக் கற்றுக்கொண்டார். 2008-இல் உலகைச் சுற்றி முடிக்கும் தறுவாயில் மெக்சிகோ கடற்கரையில் படகு ஒதுங்கி நாசமானது. புதுப் படகுக்கும் அதே பெயரை வைத்தார். 2013-இல் எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றினார். அப்போது வயது 70. மீண்டும் கிளம்பி, 2019 செப்டம்பர் 7-இல் கனடாவின் விக்டோரியா துறைமுகத்துக்குள் நுழைந்தபோது அவருக்கு வயது 77. அதுவரை நிற்காமல் தனியே உலகைச் சுற்றியவர்களில் மிக மூத்தவர் என்ற பெருமை, ஜப்பானின் மினோரு சைட்டோவிடமிருந்து அவருக்கு வந்தது.

ஏறத்தாழ பதினொரு மாதங்கள் நீடித்த அந்தப் பயணத்தில் அவர் கரையைத் தொடவில்லை. ஆனால் அமெச்சூர் ரேடியோ உரிமம் பெற்றவர் அவர். படகுக்காரர்களின் ரேடியோ நிகழ்ச்சிகளில் தவறாமல் கலந்துகொண்டு, தாம் இருக்கும் இடத்தையும் காற்றின் திசையையும் கிழிந்த பாயின் நிலையையும் சொல்லிக்கொண்டிருந்தார். பழுது பார்க்க யோசனை சொன்னவர்களில் பலரை அவர் நேரில் பார்த்ததே இல்லை.